ஸ்பீக்கர் மூக்கில் ஒடுக்கு எடுத்த வரலாறு

ஸ்பீக்கரின் நடுவில் உருண்டையாக ஒரு குமிழ் இருக்குமே, அதைப் பார்த்தவுடன் விரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்க்கத் தோன்றாத குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்று நினைக்கிறேன். அமுக்கினால் "டொக்" என்று உள்ளே போகும். அப்புறம் வீட்டில் திட்டு விழும். அந்தக் குமிழோ திட்டுக்கெல்லாம் வெளியே வராது.

நசுங்கியதை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். செலோடேப் ஒட்டி இழு என்பார் ஒருவர். ஸ்ட்ராவை வைத்து வாயால் உறிஞ்சு என்பார் இன்னொருவர். குண்டூசியை வளைத்துக் குத்தி இழு என்பார் மூன்றாமவர். "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குப்பா" என்பவர் நாலாவது ஆள். இதில் எதுவுமே முழுத் தப்பு கிடையாது. எந்த வைத்தியம் எந்தக் குமிழுக்கு என்பதில்தான் சூட்சுமம். அதற்குக் குமிழ் எந்தப் பொருளால் ஆனது என்று தெரிய வேண்டும். எந்தப் பொருள் என்பது அது எந்தக் காலத்துச் சரக்கு, யாருக்காகச் செய்தது என்பதைப் பொறுத்தது. ஆக, ஒரு சின்ன ரிப்பேர் கேள்வி நேராகப் போய் வரலாற்றில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

(பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் வகுப்புத் தோழர்களுக்கு: கடைசியில் காஸ்ட் அக்கவுண்டிங் வரும். பொறுமை!)

குமிழ் என்றால் எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். குமிழில் இரண்டு ஜாதி உண்டு.

பெரிய ஸ்பீக்கரின், அதாவது வூஃபரின் நடுவில் இருப்பது 'டஸ்ட் கேப்'. பெயரிலேயே வேலை இருக்கிறது. தூசி மூடி. அதன் அடியில் வாய்ஸ் காயில் என்ற செம்புக்கம்பிச் சுருள், காந்தத்தின் மிகக் குறுகலான இடுக்கில் முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த இடுக்கில் தூசியோ இரும்புத் துகளோ விழுந்தால் கரகரவென்று சத்தம் வரும். அது விழாமல் இருக்கத்தான் மூடி. பாட்டைப் பாடுவது பெரும்பாலும் சுற்றியிருக்கும் கோன்தான்.

ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கரில் கதை வேறு. அங்கே மூடியே பாடகர். அந்த 25 மில்லிமீட்டர் குமிழ்தான் அதிர்ந்து ஜால்ரா சத்தத்தையும் 'ஸ்', 'ச்' ஒலிகளையும் தருகிறது.

இரண்டில் எது நசுங்கினால் ஆபத்து? ப்ளஸ் டூ பிசிக்ஸ் போதும். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர். வூஃபர் மூடியில் விழுந்த அரை சென்டிமீட்டர் பள்ளத்தை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. 15,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 2.3 சென்டிமீட்டர்தான். அதற்கு ட்வீட்டரில் விழுந்த பள்ளம் ஒரு கிணறு மாதிரி. அதனால் வூஃபர் மூக்கு நசுங்கினால் அது அழகுக் குறைவு. ட்வீட்டர் நசுங்கினால் காதுக்கும் கொஞ்சம் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஆதியில் தோல் இருந்தது

நான் ஆம்பூர்க்காரன். ஊர் இப்போது 2019ல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்தாலும், கேட்டால் வேலூர் பக்கம் என்றுதான் வாயில் வரும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றையொட்டிய இந்த ஊர்களில் தோல் சம்பந்தமில்லாத குடும்பம் குறைவு. அதனால் ஸ்பீக்கரின் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தபோது முதல் பக்கத்திலேயே தோல் வந்து நின்றதும் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜெர்மனியின் வெர்னர் சீமன்ஸ் (ஆமாம், அதே சீமன்ஸ் கம்பெனிக்காரர்தான்) 1877 டிசம்பரில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். காந்தப் புலத்தில் அசையும் காயில், அதோடு ஒட்டிய ஒரு சவ்வு. அந்தச் சவ்வுக்கு அவர் சொன்ன பொருள் பார்ச்மென்ட். பார்ச்மென்ட் என்றால் வேறொன்றுமில்லை, விலங்குத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடியை நீக்கி, பதனிடாமல் இழுத்துக் கட்டிக் காயவைத்தது. சுண்ணாம்பில் போடுவது வரைக்கும் நம்ம ஊர் டேனரியில் நடக்கும் அதே வேலை. அதற்குப் பிறகு இங்கே அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கடுக்காய் கொடுத்துப் பதனிட்டார்கள். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போனது அதுதான்.

யோசித்தால் சீமன்ஸ் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. தோலை இழுத்துக் கட்டினால் சத்தம் வரும் என்று பறை அடித்தவருக்கும் தவில் கட்டியவருக்கும் எத்தனையோ நூற்றாண்டுகளாகத் தெரியும். மிருதங்கத்தின் நடுவில் பூசும் கருப்புப் பொட்டு அதன் நாதத்தை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்று சர் சி.வி.ராமன் 1920லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நடுவில் என்ன இருக்கிறது, எவ்வளவு எடை, எவ்வளவு விறைப்பு என்பதுதான் ஒலியைத் தீர்மானிக்கிறது. ஸ்பீக்கர் குமிழின் கணக்கும் அதே கணக்கு.

சீமன்ஸ் காலத்தில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. அதனால் அந்த யோசனை காகிதத்தோடு நின்றது. 1915ல் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெருங்கூட்டத்துக்கு முன்னால் தங்கள் 'மேக்னவாக்ஸ்' ஒலிபெருக்கியை முழங்கவிட்டார்கள். 1925ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் காகிதக் கோன் வைத்த ஸ்பீக்கரை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்று நம் வீட்டில் இருப்பது அந்த டிசைனின் பேரன்தான்.

தோல் அத்தோடு போய்விட்டதா? இல்லை. 1920களின் கடைசியில் பல ஸ்பீக்கர்களில் காகிதக் கோனின் ஓரத்தைச் சட்டத்தோடு இணைத்தது மெல்லிய தோல்தான். கோன் தாராளமாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும், கிழியவும் கூடாது. அப்போது இருந்த பொருள்களில் அதைத் தாங்கியது ஆட்டுக்குட்டித் தோல் மாதிரியான மென்மையான தோல். பின்னால் துணி, ரப்பர், ஃபோம் எல்லாம் வந்தன. இதில் ஃபோம்தான் வேடிக்கை. பத்துப் பதினைந்து வருஷத்தில் ஈரம் பட்டு உதிர்ந்து கையோடு வந்துவிடுகிறது. ஜப்பானில் பழைய ஸ்பீக்கர் பைத்தியங்கள் அப்படி உதிர்ந்த ஓரத்தை எடுத்துவிட்டு மெல்லிய பதனிட்ட தோலை வெட்டி ஒட்டுகிறார்கள். நூறு வருஷம் சுற்றிவிட்டு மறுபடி தோலுக்கே வந்தாயிற்று.

தெருவில் யாருக்கும் மூக்கு நசுங்கவில்லை

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

சென்னையில் 1924ல் ரேடியோ கிளப் தொடங்கி ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் அது 1927ல் நின்றுபோனது. 1930ல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அப்போது ரேடியோப் பெட்டி பணக்காரர் வீட்டுப் பொருள். அதனால் மாநகராட்சி மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. ஜனங்கள் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ல்தான் வந்தது. தமிழனுக்கு ஸ்பீக்கர் முதலில் வீட்டுப் பொருளாக வரவில்லை, பொதுப் பொருளாகத்தான் வந்தது.

அதன்பின் அரசியல் மேடை, டூரிங் டாக்கீஸ், கல்யாண வீடு, கோயில் திருவிழா. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒலிபெருக்கி இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? ரம்ஜான் மாதத்தில் சஹர் நேரத்துக்கு எழுப்பிவிட்டதும் அதுதான். மைக் செட்காரர் சைக்கிளில் குழாயைக் கட்டிக்கொண்டு வந்து மரத்தில் ஏற்றினால் ஊருக்கே தெரிந்துவிடும், விசேஷம் வந்துவிட்டது என்று. டெல்லியில் 1940ல் தொடங்கிய அஹுஜா கம்பெனியின் பெயர் தெரியாத மைக் செட்காரர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்.

இந்தக் குழாயிலும் ஒரு குமிழ் உண்டு. ஆனால் அதை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. குழாயின் பின்பக்கம் திருகியிருக்கும் 'யூனிட்'டுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. 1926ல் அமெரிக்காவில் வென்ட், துராஸ் என்ற இருவர் பேசும் படத்துக்காகச் செய்த டிரைவரிலும் இப்படித்தான், சின்ன உலோக டயாஃபிரம் உள்ளே, பெரிய குழாய் வெளியே. எத்தனை வாண்டுகள் வந்தாலும் விரல் அதுவரை எட்டாது.

அதனால் மைக் செட் காலத்தின் வியாதிகளே வேறு. காயில் கருகும், மழைத் தண்ணீர் இறங்கும், ஒயர் அறுந்துபோகும். சவுண்ட் சர்வீஸ்காரர் நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவார், டேப்பை மடித்துக் காந்த இடுக்கில் விட்டுத் துகளை ஒற்றி எடுப்பார், புது டயாஃபிரத்தை வைத்து மூடுவார், ஆளைக் கூப்பிட்டு "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன் டூ த்ரீ" என்பார். வேலை முடிந்தது. டயாஃபிரம் தனியாகக் கடையில் கிடைத்தது. கிடைக்கும்படிதான் அந்தப் பொருளையே டிசைன் செய்திருந்தார்கள். வாடகைக்கு ஓடும் பொருள் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் வருமானம் போச்சு. உடையும் பாகத்தைத் தனியாக மாற்ற முடியாத யூனிட்டை எந்த மைக் செட்காரரும் வாங்கவே மாட்டார்.

வெளிக்குழாய் ஏணியிலிருந்து விழுந்து நசுங்கினால்? அது அலுமினியம். பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பது போல மரச்சுத்தியால் உள்ளிருந்து தட்டி நிமிர்த்திவிடலாம். தமிழில் 'ஒடுக்கு எடுப்பது' என்று இதற்கென்றே ஒரு வார்த்தை இருப்பதைப் பாருங்கள். பாத்திரம் நசுங்கினால் தூக்கிப் போடும் வழக்கம் இருந்திருந்தால் இந்த வார்த்தையே பிறந்திருக்காது.

வீட்டுக்குள் வந்ததும் நசுங்க ஆரம்பித்தது

குமிழ் வெளியே தலைகாட்டியது வேறொரு காரணத்துக்காக. 1958ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் என்பவர் ஏ.ஆர்.-3 என்ற வீட்டு ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உயர் ஒலிக்கு அதில் கோனுக்குப் பதிலாகச் சின்னக் குமிழ். கோன் ஒலியை டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும். சின்னக் குமிழ் அறை முழுக்கப் பரப்பும். சோபாவில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி கேட்கும். 1960களின் கடைசியில் துணியால் ஆன மென்குமிழ் வந்தது. 1974ல் யமஹா தன் என்.எஸ்.-1000 ஸ்பீக்கரில் பெரிலியம் என்ற உலோகத்தால் குமிழ் செய்தது. அதற்குப் பிறகு அலுமினியம், டைட்டானியம் என்று போய், 2005ல் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனி செயற்கை வைரத்திலேயே குமிழ் செய்து விற்றது. (விலையைப் பார்த்தால் நம்ம மூக்கு நசுங்கிவிடும் :-) )

நம் வீடுகளுக்கு வருவதற்குக் கொஞ்சம் தாமதமானது. கேசட் காலத்தில், 1980களில், டூ இன் ஒன் வந்தது. வசதியானவர்கள் வீட்டில் சோனோடைன், காஸ்மிக் பெட்டிகள். 1991க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளே வரவே, தவணையில் மியூசிக் சிஸ்டமும் ஹோம் தியேட்டரும் வந்தன. ஷோரூமில் வலையைக் கழற்றிவிட்டு மினுமினுக்கும் குமிழைக் காட்டித்தான் விற்றார்கள். வீட்டிலும் வலை இல்லாமல் வைத்தால்தான் கெத்து.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்தன. கூம்புக் குழாய்க்குக் கெடுபிடி கூடக்கூட, மைக் செட்டும் மெல்ல 'பாக்ஸ்' செட்டாக மாறியது. கல்யாண மண்டபத்தில் இன்று ஆள் உயரப் பெட்டிகள். லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்கும்போது முட்டிக்கொள்வதும் அந்தக் குமிழ்தான்.

அப்படியென்றால் ஒடுக்கு விழுந்த குமிழ் என்பது ஒரு வகையில் வசதியின் வியாதி. ஸ்பீக்கர் மரத்தில் இருந்தவரை யாரும் தொடவில்லை. விரல் எட்டும் உயரத்துக்கு அது இறங்கி வந்ததும் தொட்டுவிட்டோம்.

சரி, எப்படி எடுப்பது?

கையை வைக்கும் முன் காதை வையுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் குறைந்த சத்தத்தில் போட்டு இடதும் வலதும் மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் ஒடுக்கு கண்ணுக்கு மட்டும்தான். கரகரப்பு இருந்தால் உள்ளே காயில் உரசுகிறது. சத்தமே இல்லையென்றால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6, 7 காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லையென்றால் காயில் அறுந்திருக்கிறது, மூக்கை நிமிர்த்திப் பயனில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்பீக்கருக்குள் இருப்பது பலமான காந்தம். இரும்பு ஸ்க்ரூ டிரைவரையோ பிளேடையோ பக்கத்தில் கொண்டுபோனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் குமிழில் குத்தும். பழைய ஒடுக்கை எடுக்கப்போய்ப் புது ஒடுக்கு விழுவது இப்படித்தான்.

காகிதக் குமிழ்: பழைய வூஃபர்களில் இதுதான். மிகவும் சாது. முதலில் செலோடேப்பைப் பள்ளத்தில் மெதுவாக ஒற்றி நேராக இழுங்கள். வரவில்லையென்றால் ஊசியின் முனையைக் கொக்கி போல வளைத்து, பள்ளத்தில் குத்தி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள். துளையை ஒரு சொட்டு வெள்ளைப் பசையால் அடைத்துவிடலாம். கடைசி வழி, ஓரத்தைப் பிளேடால் சுற்றி அறுத்து மூடியையே கழற்றி, பின்பக்கத்திலிருந்து விரலால் நிமிர்த்தி மறுபடி ஒட்டுவது. அறுக்கும்போது காயிலுக்குப் போகும் மெல்லிய கம்பி தட்டுப்படும், கவனம். காகிதம் மடங்கிய தடம் விட்டிருந்தால் உள்பக்கம் லேசாக ஈரம் காட்டி, உருண்டையான ஏதாவது ஒன்றின் மேல் கவிழ்த்துக் காயவையுங்கள். ஷூ கம்பெனியில் தோலை ஈரப்படுத்தி 'லாஸ்ட்' என்ற கட்டையில் இழுத்து உருவம் கொடுப்பதும் இதே தத்துவம்தான். நார் உள்ள எந்தப் பொருளும் நனைந்தால் இளகும், காய்ந்தால் காய்ந்த வடிவத்தில் நிற்கும்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி கருப்பு மூடியில் வெள்ளைப் படலம் விடும், ஒட்டிய இடமும் கண்ணாடி மாதிரி நொறுங்கும். எங்கள் ஊரில் செருப்பு ஒட்டும் சொல்யூஷன் எந்தச் சந்திலும் கிடைக்கும். அது காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் ஸ்பீக்கருக்கும் ஒத்துப்போகிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாசனை மூளைக்கு நல்லதில்லை.

துணிக் குமிழ்: பட்டுத் துணியில் பிசின் பூசியது. பெரும்பாலும் தானே நிமிரும். நிமிராவிட்டால் ஸ்ட்ராவையோ சின்ன அட்டைக் குழலையோ பக்கத்தில் வைத்து வாயால் மெதுவாக உறிஞ்சினால் 'பொக்' என்று வந்துவிடும். டேப் வேண்டாம், மேல் பூச்சு உரிந்து வந்துவிடும். வேக்குவம் கிளீனர் வைத்தியமும் சிலர் சொல்வார்கள். ட்வீட்டரில் நேராக வைத்தால் குமிழ் முழுசாகப் பிய்த்துக்கொண்டு கிளீனர் பைக்குள் போய்விடும் அபாயம் உண்டு. வாய்தான் நல்லது. எப்போது நிறுத்த வேண்டும் என்று வாய்க்குத் தெரியும்.

பிளாஸ்டிக் குமிழ்: டேப்பும் உறிஞ்சலும் போதும். பிடிவாதம் பிடித்தால் ஹேர் டிரையரைத் தள்ளிவைத்து இளஞ்சூடு காட்டிவிட்டு இழுங்கள்.

உலோகக் குமிழ்: இங்கேதான் வீட்டு வைத்தியம் திணறுகிறது. அலுமினியத் தகடு ஒரு முறை மடங்கினால் மடங்கிய கோடு நிரந்தரம். நிமிர்த்த முடியும், ஆனால் தழும்பு நிற்கும். அந்த இடம் மற்ற இடத்தைவிட விறைத்துப்போயும் இருக்கும். லேசான பள்ளமென்றால் டேப் போட்டுப் பார்க்கலாம். ஊசி கூடவே கூடாது. டயாஃபிரம் தனியாகக் கிடைத்தால் மாற்றிவிடுவது நல்லது.

பெரிலியம்: தொடாதீர்கள். உடைந்தால் வரும் தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கெடுதல். இதில் வீரம் வேண்டாம்.

வரிசையை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். தோல், காகிதம், துணி, பிளாஸ்டிக், உலோகம், பெரிலியம், வைரம். வரலாற்றில் ஒலி துல்லியமாகிக்கொண்டே வந்த வரிசை ஏறக்குறைய இதுதான். வீட்டில் ஒடுக்கு எடுக்க முடியாமல் போய்க்கொண்டே வந்த வரிசையும் இதுதான். ஒவ்வொரு படி ஏறும்போதும் காதுக்குக் கொஞ்சம் கிடைத்தது, கையிலிருந்து கொஞ்சம் போனது. அந்தப் பேரத்தில் கையைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை.

இப்போது கணக்கு

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'மேக் ஆர் பை' கணக்கு போட்டிருப்போம். நாமே செய்வதா, வெளியில் வாங்குவதா? ரிப்பேருக்கும் அதேதான். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். புது ட்வீட்டர் 1,500 ரூபாய், டயாஃபிரம் மட்டும் 400, டேப் 10. பழைய ஸ்பீக்கருக்கு அன்று கொடுத்த விலை சங்க் காஸ்ட், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இனி எவ்வளவு செலவு, இனி எவ்வளவு பயன் என்பது மட்டும்தான் கேள்வி. டயாஃபிரம் தனியாகக் கிடைக்கிற வரைக்கும் விடை சுலபம். கம்பெனி அதைத் தனியாக விற்க மாட்டேன் என்றால் 400 என்ற வரியே கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். மிச்சம் 10 அல்லது 1,500.

எனக்கே ஒரு முறை நடந்தது. உதிரிபாகம் கேட்டு ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனபோது, "அந்தப் பாகம் தனியா வராது தம்பி, பெட்டியோட மாத்திக்கோங்க" என்றார்கள். நல்லவேளை, சென்னை ரிச்சி தெருவில் அதே அளவில் வேறொன்று கிடைத்தது. ரிச்சி தெரு பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24ல் 'ரிப்பேர் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகள் ரிப்பேர் விவரங்களையும் உதிரிபாக விவரங்களையும் ஜனங்களுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல தொடக்கம்தான். ஆனால் மைக் செட்காரருக்கு 60 வருஷம் முன்பே இருந்த வசதி இது. அன்று வாங்குபவர் அடம்பிடித்து வாங்கியதை இன்று அரசு கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. டேனரிக் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்த வழக்கு அது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதியவைத்த தீர்ப்பு. கணக்குப் பாஷையில் சொன்னால், பொருளின் விலையில் ஏறாத செலவு ஒன்று இருந்தது, அதை ஆறு சுமந்தது. தூக்கிப் போட்ட ஸ்பீக்கருக்கும் அப்படி ஒரு செலவு உண்டு. காந்தம், செம்பு, பிளாஸ்டிக், பசை எல்லாம் எங்கேயோ போய்ச் சேர்கிறது. புது ட்வீட்டரின் 1,500 ரூபாயில் அந்தச் செலவு இல்லை. 10 ரூபாய் டேப் எவ்வளவு மலிவு என்று அப்போதுதான் முழுசாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் தொழிலில் குறை இருந்தால் தோலைத் தூக்கிப்போட மாட்டார்கள். உண்ணி கடித்த தடம், முள் கீறல், கத்தி பட்ட வெட்டு என்று பார்த்து ரகம் பிரிப்பார்கள். கட்டிங் மேசையில் குறையுள்ள பகுதியை ஷூவின் வெளியே தெரியாத பாகத்துக்கு ஒதுக்குவார்கள். குறை எங்கே இருக்கிறது, அங்கே என்ன வேலை நடக்கிறது என்பதுதான் கேள்வி. வூஃபர் மூடியில் ஒடுக்கு என்றால் விட்டுவிடலாம், ட்வீட்டரில் என்றால் எடுக்க வேண்டும் என்று மேலே சொன்னதும் இதே அறிவுதான்.

டி.எம்.கிருஷ்ணா 2020ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மிருதங்கம் வாசித்தவர்கள் எல்லாம் புகழ்பெற்றிருக்க, அதற்குத் தோல் பார்த்து, வார் பிடித்து, செய்து கொடுத்தவர்களைப் பற்றிய புத்தகம். ஸ்பீக்கருக்கும் அப்படித்தான். மைக்கில் பேசியவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது, பாடியவர் பெயர் இருக்கிறது. மழையில் மரமேறி யூனிட்டைக் கழற்றி டயாஃபிரம் மாற்றியவர் பெயர் எந்த நோட்டீஸிலும் இல்லை. "ஒலி அமைப்பு" என்று கடைசி வரியில் கடைப் பெயர் இருந்தால் பெரிசு.

எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் பாய் ஒருவரிடம், வீட்டுக்காரர்கள் நசுங்கின ஸ்பீக்கரைக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மொதல்ல பாட்டுப் போட்டுக் காட்டுவேன் தம்பி. நல்லாத்தானே பாடுதுன்னு அவங்களே சொல்லிட்டா, காசு வாங்காம அனுப்பிடுவேன்" என்றார். பாதிப் பேர் அதோடு நிம்மதியாகத் திரும்பிப் போய்விடுவார்களாம். எந்தப் பாடப் புத்தகத்திலும் இந்த பிசினஸ் மாடலை நான் படித்ததில்லை. ஆனால் ரிப்பேரின் முதல் படி அதுதான்.

உங்கள் வீட்டில் நசுங்கின மூக்கோடு ஒரு ஸ்பீக்கர் இருந்தால், முதலில் ஒரு பாட்டைப் போடுங்கள். எந்தப் பொருள் என்று பாருங்கள். காகிதமோ துணியோ என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, டேப்பும் ஸ்ட்ராவும் போதும். இனி புதுசு வாங்கப் போனால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இதோட டயாஃபிரம் தனியா கிடைக்குமா?" நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். நாற்பது பேர் கேட்டால் கடையில் வாங்கி வைப்பார்கள்.